ஸ்போர்ட் பைக் சீட்: ஜெல்லுக்கு முன்னால் சரிவைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது: 600 சிசி நான்கு சிலிண்டர் ஸ்போர்ட் பைக். கம்பெனி சீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை, பின்புறம் எரிகிறது, மணிக்கட்டும் கடுக்கிறது. உயரம் 168 செ.மீ., எடை 72 கிலோ. ஜெல் சீட் வாங்கலாமா, தோல் சீட்டா? எப்போதாவது பின்னால் ஒருவர் உட்காருவார்.

இதில் முதலில் என் கண்ணில் பட்டது மணிக்கட்டுதான். பின்புற எரிச்சலும் மணிக்கட்டுக் கடுப்பும் தனித்தனித் தொந்தரவு போல எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வரும்: சீட் டேங்க் பக்கமாகச் சரிந்திருக்கிறது. நீங்கள் மெல்ல மெல்ல வழுக்கி டேங்கோடு போய் ஒட்டுகிறீர்கள். கையால் தள்ளிப் பின்னால் வருகிறீர்கள், ஐந்து நிமிடத்தில் மறுபடி வழுக்குகிறீர்கள். தள்ளுகிற கைக்கு மணிக்கட்டு வலி, உரசுகிற இடத்துக்கு எரிச்சல். இதற்கு ஜெல் மருந்தாகாது.

கணக்கும் எளிதுதான். உங்கள் எடை 72 கிலோ, ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் சேர்த்து 80 என்று வையுங்கள். கால்களும் கைகளும் தாங்குவது போக 50 கிலோ சீட்டில் இறங்குகிறது என்போம். சரிவு 5 டிகிரி என்றால் அதில் ஏறத்தாழ 4 கிலோ எப்போதும் உங்களை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். பேண்ட் துணியின் பிடிப்பு அதைத் தாங்கும்தான், ஆனால் சாலையின் ஒவ்வொரு குலுங்கலிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பிரேக் பிடித்தால் கேட்கவே வேண்டாம். சுமாரான 0.5 ஜி பிரேக்கிலேயே, அதாவது புவியீர்ப்பில் பாதி அளவு வேகம் குறையும்போதே, உடல் எடையில் பாதி முன்னால் பாய்கிறது. அதை முழங்காலால் டேங்கைப் பிடித்துத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் கை தாங்கும்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். பைக்கை ஸ்டாண்டில் சாய்க்காமல், சமதளத்தில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லி நேராக நிறுத்துங்கள். ஓட்டும்போது நீங்கள் உட்காரும் இடத்தில் முன்பின்னாக ஒரு மட்டப் பலகையை வைத்து, அதன் மேல் போனை வைத்துக் கோணம் பாருங்கள். போனில் அதற்கான வசதி இருக்கிறது. பிறகு நீங்கள் உட்கார்ந்துகொண்டு, பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் ஃபோம் அமுங்கி இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதில் தெரியும். வெறும் சீட் 2 டிகிரி காட்டி, ஆள் உட்கார்ந்ததும் 5 ஆகிற சீட்டுகள் உண்டு. முன்பக்கத்து ஃபோம் செத்துப்போயிருக்கும்.

வலி எந்த இடத்தில் என்பது அடுத்த கேள்வி. "பின்புறம் வலிக்கிறது" என்றால் சீட் தைப்பவருக்கு ஒன்றும் புரியாது. உட்காரும்போது தரையைத் தொடும் இரண்டு எலும்புகள் இருக்கின்றன, இடமும் வலமும். வலி சரியாக அந்த இரண்டு புள்ளியில் என்றால் ஃபோம் மெல்லியது அல்லது செத்துவிட்டது. தொடையின் உள்பக்கம், கோடு போட்ட மாதிரி வலித்தால் சீட்டின் ஓரம் கூர்மையாக இருக்கிறது, அகலம் போதவில்லை. வால் எலும்பில் என்றால் கூன் போட்டு உட்காருகிறீர்கள், அல்லது பின்பக்க மேட்டில் முட்டிக்கொண்டிருக்கிறீர்கள். முன்பக்கம், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறது என்றால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே நரம்பு அழுத்தப்படுகிறது. சீட்டின் முனை உயர்ந்திருந்தாலும் நடக்கும், வழுக்கி டேங்கில் போய் அழுந்தினாலும் நடக்கும். வண்டியை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரத்தில் உணர்ச்சி திரும்பவில்லை என்றால் சீட் கடைக்கு அல்ல, மருத்துவரிடம் போக வேண்டும்.

நீங்கள் சொல்வது எரிச்சல். எரிச்சல் என்பது உரசல், சூடு, வியர்வை. ஜீன்ஸ் போட்டு ஓட்டுகிறீர்களா? நாலு தையல் ஒன்றுசேரும் அந்தத் தடித்த முடிச்சு சரியாக நீங்கள் உட்காரும் இடத்தில்தான் வருகிறது. பின்பாக்கெட்டில் பர்ஸ் வேறு. தையல் இல்லாத உள்ளாடை, சைக்கிள்காரர்கள் போடும் மெத்தை வைத்த ஷார்ட்ஸ் இரண்டில் ஒன்றை ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். சிரிக்காதீர்கள், சீட்டே மாற்றாமல் பாதி வலியை இதிலேயே தீர்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி ஜெல். என் அனுபவத்தைச் சொல்கிறேன். எனக்கும் முதலில் தோன்றியது ஜெல்தான். கடையில் உட்கார்ந்து பார்த்தேன், மேகத்தில் உட்கார்ந்தது போல இருந்தது. வாங்கிப் போட்டு முதல் நீண்ட ஓட்டத்தில் ஒன்றரை மணி நேரம் கழித்துப் பழைய சீட்டே தேவலை என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி உறையைக் கழற்றினேன். ஜெல் பட்டை ஒரு விரல் கனம் கூட இல்லை. அதை உட்காரவைக்க அடியில் இருந்த ஃபோமை அதே அளவுக்குக் குடைந்து எடுத்திருந்தார்கள். குடைந்த இடத்தின் நேர் கீழே பிளாஸ்டிக் அடித்தட்டின் விலா ஒன்று ஓடுகிறது. அதாவது எலும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மிச்சம் இருந்தது கட்டைவிரல் அகல ஃபோம், அதன் மேல் ஜெல். எப்படி வலிக்காமல் இருக்கும்?

ஜெல்லின் குணம் இது: அது அமுங்காது, பக்கவாட்டில் நகரும். அழுத்தத்தை ஓர் இடத்திலிருந்து பக்கத்து இடத்துக்குப் பரப்பும், அது உண்மையான பயன்தான். ஆனால் குழியில் விழும்போது வரும் அடியை வாங்கி விழுங்குவது ஃபோமின் வேலை. அதன் உள்ளே இருக்கும் காற்றறைகள் நசுங்கி விரிவதால்தான் அது நடக்கிறது. ஃபோமின் இடத்தை ஜெல் திருடிக்கொண்டால் அடி அப்படியே மேலே வரும். கூடவே, ஜெல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் அரை மணி நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் தெரியும். போதுமான கனத்தில் நல்ல ஃபோம், அதன் மேல் மெல்லிய ஜெல் என்றால் குறை சொல்ல மாட்டேன். ஸ்போர்ட் பைக் சீட்டில் அவ்வளவு கனத்துக்கு இடமே இருக்காது என்பதுதான் சிக்கல்.

மெமரி ஃபோம் பற்றியும் கேட்பார்கள். 1966-இல் நாசாவின் ஏம்ஸ் மையத்துக்காக விமான இருக்கைக்கென்று உருவான பொருள். அதனால் சீட் விற்பவர்கள் எல்லோரும் விண்வெளிப் படம் போட்டு விற்கிறார்கள். அது வெப்பத்துக்குத் தகுந்தபடி மாறும், குளிரில் கல், வெயிலில் களி. தனியாக வைத்தால் மெல்ல மெல்ல அமுங்கி அடித்தட்டைத் தொட்டுவிடும். கீழே கெட்டியான ஃபோம், மேலே 10 மி.மீ. மெமரி ஃபோம் என்றால் சரி.

கெட்டி என்கிற சொல்லில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஃபோமில் அடர்த்தி வேறு, இறுக்கம் வேறு. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது, அது ஆயுளைச் சொல்லும். இறுக்கம் என்பது குறிப்பிட்ட அளவு அமுக்க எவ்வளவு விசை தேவை என்பது. அடர்த்தி அதிகமாக இருந்தும் மெத்தென்று இருக்கலாம், அடர்த்தி குறைவாக இருந்தும் விறைப்பாக இருக்கலாம். பின்னதுதான் ஆறே மாதத்தில் குழி விழும். இறுக்கம் உங்கள் எடையைப் பொறுத்தது: 95 கிலோ ஆளுக்குப் பொருந்துகிற ஃபோம் உங்களுக்குப் பலகை, 55 கிலோ ஆளுக்குப் பொருந்துவது உங்களை அடித்தட்டில் இறக்கிவிடும். எனவே "அந்த சீட் அருமை" என்று யாராவது சொன்னால் முதலில் அவர் எடையைக் கேளுங்கள்.

கடையில் செய்யக்கூடிய சோதனை ஒன்றே ஒன்று. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது வீண். சீட்டைத் தரையில் வைத்து, ஒரு முழங்காலை அதன் நடுவில் ஊன்றி, முழு எடையையும் அதில் போடுங்கள். அடித்தட்டு முழங்காலில் தட்டுப்பட்டால் அந்த சீட் வேண்டாம். தட்டுப்படாமல், மெல்ல எதிர்த்துத் தள்ளினால் மேலே பேசலாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து "ஆகா" என்று இருப்பதை நம்பாதீர்கள். நல்ல சீட் முதல் ஐந்து நிமிடத்தில் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும்.

அகலத்துக்கு வருவோம். வீட்டில் நெளிவு அட்டை, அதாவது பெட்டி செய்யும் அட்டை, ஒரு துண்டு எடுத்து கெட்டியான முக்காலியில் வையுங்கள். அதன் மேல் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடிக்கும் அளவுக்கு முன்னால் குனிந்து, பாதங்களைச் சற்று மேலே தூக்குங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழி இருக்கும். அவற்றின் நடுவுக்கு நடு அளவு பெரும்பாலோருக்கு 100-க்கும் 150 மி.மீ.-க்கும் இடையில் வரும். நீங்கள் உட்காரும் இடத்தில் சீட்டின் தட்டையான பகுதி இந்த அளவைவிட இரு பக்கமும் இரண்டு விரல் அகலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். வளைந்து இறங்கும் ஓரத்தில் எலும்பு உட்கார்ந்தால் எந்த ஃபோமும் காப்பாற்றாது. மாற்று சீட் செய்பவர்கள் உண்மையில் விற்பதே இந்த அகலத்தைத்தான்: பின்பகுதியில் தட்டையாக, அகலமாக, டேங்கை ஒட்டிய முனையில் ஒடுக்கமாக.

முனை ஒடுக்கமாக இருக்க வேண்டியதற்குக் காரணம் உங்கள் 168 செ.மீ. உயரம். இந்த வகுப்பு பைக்குகளின் சீட் உயரம் ஒன்றுபோல இல்லை: சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600 810 மி.மீ., ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர் 820, யமஹா ஆர்6 850. ஆனால் தரையில் கால் எட்டுவதை உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. முனை அகலமானால் தொடைகள் விரியும், கால் வளைந்து இறங்கும், எட்ட வேண்டிய தூரம் கூடிவிடும். 15 மி.மீ. உயர்ந்தும் முனை மெலிந்த சீட்டில் முன்பைவிட நன்றாகக் கால் ஊன்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உயரத்தைக் கூட்டினால் முழங்கால் மடிப்பு குறையும், இடுப்பும் தளரும். நெட்டையானவர்களுக்கு அது வரம். ஆனால் கைப்பிடி இருந்த இடத்திலேயே இருப்பதால் முதுகு இன்னும் குனியும், மணிக்கட்டில் எடை ஏறும். உங்களுக்கு அது வேண்டாம். சரிவைத்தான் சரிசெய்ய வேண்டும், மொத்த உயரத்தை அல்ல. 250 மி.மீ. நீளத்தில் 4 டிகிரி குறைக்க வேண்டுமானால் முன்பக்கம் 17 மி.மீ. ஏற வேண்டும், அல்லது பின்பக்கம் அவ்வளவு இறங்க வேண்டும், அல்லது பாதி பாதி. முழுக்க முன்னால் ஏற்றினால் முனை மேடாகி நடுவில் அழுத்தும், மேலே சொன்ன மரத்துப்போகும் கதை. முழுக்கப் பின்னால் செதுக்கினால் ஃபோம் மெலியும். பாதி பாதிதான் என் தேர்வு. ஓரிரு டிகிரி முன்சரிவு மிச்சம் இருக்கட்டும். குனிந்து ஓட்டும்போது இடுப்பு முன்னால் உருளும், அதற்கு அது தேவை.

சிலர் பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைத்திருக்கும் அளவை, குறைத்தால் சரிவு போய்விடும் என்பார்கள். இரண்டு சக்கர அச்சுகளுக்கும் நடுவே 1,390 மி.மீ. தூரம் உள்ள பைக்கில் பின்பக்கத்தை 10 மி.மீ. இறக்கினால் கிடைப்பது அரை டிகிரிக்கும் குறைவு. சரிவுக்காக அதைத் தொடாதீர்கள். ஆனால் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி அளந்த உயரத்தோடு ஒப்பிட்டால், நீங்கள் உட்கார்ந்ததும் பின்பக்கம் 30 முதல் 40 மி.மீ. வரை இறங்குகிறதா என்று ஒருமுறை அளந்துவிடுங்கள். அது இறங்காமல் விறைத்து நின்றால் வலிக்குப் பழி சீட்டின் மேல் விழும், குற்றவாளி ஷாக் அப்சார்பர்.

எதை வாங்குவது? நான்கு வழி உண்டு. மேலே போடும் காற்று மெத்தை முதல் வழி. சக்கர நாற்காலி மெத்தை செய்யும் ரோஹோ நிறுவனத்தின் ஏர்ஹாக் இதில் பெயர் பெற்றது. நேர்ச்சாலையில் பல மணி நேரம் போவதற்கு நன்றாகவே உதவும். எல்லோரும் செய்யும் தவறு காற்றை நிறைய அடிப்பது. உட்கார்ந்த பிறகு அடியில் விரல் கனம் மட்டும் காற்று இருந்தால் போதும். வளைவில் சாய்க்கும்போது கீழே பைக் என்ன செய்கிறது என்பது தெரியாமல் போவதால் எனக்கு அது ஒத்துவரவில்லை. இரண்டாவது, உறையை மட்டும் மாற்றுவது. அது அழகுக்கும் பிடிப்புக்கும்தான், வலிக்கு அல்ல. மூன்றாவது முழு சீட்: கலிஃபோர்னியாவின் கார்பின், சேடில்மென், ஃப்ளோரிடாவின் சார்ஜன்ட், பிரான்ஸின் பேக்ஸ்டர் போன்றவை. கார்பின் கெட்டி ரகம், தோல் போட்டு வாங்கினால் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகுதான் உங்கள் வடிவத்துக்கு வரும். சேடில்மென் நடுவில் பள்ளம் விட்டுச் செய்வதில் பெயர் வாங்கியது, நடுப்பகுதி மரத்துப்போகிறவர்கள் அதைப் பார்க்கலாம். நான்காவது, உங்கள் சீட்டின் அடித்தட்டை வைத்துக்கொண்டு ஃபோமை மட்டும் மாற்றித் தைத்துக்கொள்வது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் நான்காவது. காரணம், உங்களுக்குத் தேவை 17 மி.மீ. சரிவுத் திருத்தமும் கொஞ்சம் அகலமும், புதிய சீட் அல்ல. நன்றாகச் செய்யும் ஆள் உங்களைப் பைக்கில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுச் செதுக்குவார், உறை போடாமல் வெறும் ஃபோமோடு ஓட்டிவிட்டு வரச் சொல்வார், மறுபடி செதுக்குவார். உட்காரவைத்தே பார்க்காமல் "விட்டுட்டுப் போங்க, நாளைக்கு வாங்க" என்பவரிடம் கொடுக்காதீர்கள். முடிந்தால் பழைய சீட் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி அதில் வேலை செய்யச் சொல்லுங்கள், அசல் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். ஃபோம் ஒட்டும் இடங்களில் தடித்த பசைக்கோடு இல்லாமல் பாருங்கள், அது காய்ந்து குச்சி மாதிரி குத்தும். பின்கள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

அதற்கும் முன்னால், செலவில்லாத ஒத்திகை ஒன்று. யோகா பாய் மாதிரி காற்றறை மூடிய ஃபோம் ஷீட்டை ஆப்பு வடிவில் வெட்டி, சீட்டின் முன்பாதியில் டேப் போட்டு ஒட்டி, ஆள் நடமாட்டம் குறைந்த சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். மணிக்கட்டுக் கடுப்பு குறைந்தால் நோய் பிடிபட்டது. குறையவில்லை என்றால் ஒரு சீட்டின் காசு மிச்சம்.

உறை விஷயத்தில் பிடிப்பு அதிகமானால் நல்லது என்று நினைக்க வேண்டாம். வளைவில் இடுப்பை நகர்த்த வேண்டிய பைக் இது. ரப்பர் மாதிரி ஒட்டினால் ஒவ்வொரு முறையும் எழும்பித்தான் நகர முடியும், உரசலும் கூடும். நடுவில் மிதமான பிடிப்புள்ள ரெக்ஸின், ஓரங்களில் வழுவழுப்பு என்பது நல்ல கலவை. இன்னொன்று, உறையை முரசுத் தோல் போல இழுத்துத் தைத்துவிட்டால் கீழே எவ்வளவு அழகாகச் செதுக்கியிருந்தாலும் பயனில்லை, நீங்கள் தோலில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். உட்காரும் இடத்தில் தையல் ஓடக்கூடாது. ஓடினால் வலிக்கும், மழைத் தண்ணீரும் அதன் வழியே இறங்கும். தண்ணீர் குடித்த ஃபோம் இரண்டு நாளானாலும் காயாது, வெயிலில் நிறுத்தி மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உட்கார்ந்ததும் ஊறும். ஃபோமுக்கும் உறைக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று போடச் சொல்லுங்கள்.

முழு சீட்டாகவே வாங்க முடிவு செய்தால் மாடல் பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் செய்யாதீர்கள், ஆண்டைப் பாருங்கள். ஆர்6-இன் வால் பகுதி 2017-இல் மாறிவிட்டது, ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600 2011-இல் புதிதாக வந்தது. பெயர் ஒன்று, சீட் பூட்டும் கொக்கி வேறு. உங்கள் அளவுக்குச் செய்து தருவதைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். வந்ததும் முதலில் திருப்பிப் போட்டு அடியில் உள்ள ரப்பர் கால்களைப் பாருங்கள். அவை எல்லாமே பைக்கின் சட்டத்தில் (ஃப்ரேமில்) உட்கார வேண்டும். சோதிக்க ரப்பரில் சாக்பீஸ் தடவி, சீட்டை மாட்டி, உட்கார்ந்து எழுந்து கழற்றுங்கள். சட்டத்தில் எங்கே வெள்ளை படவில்லையோ அந்தக் கால் அந்தரத்தில் தொங்குகிறது. அப்படியே ஓட்டினால் அடித்தட்டு ஒவ்வொரு குழியிலும் வளைந்து கடைசியில் அங்கேதான் விரிசல் விடும்.

பின்னால் உட்காருபவர் எப்போதாவது என்பதால் அந்தச் சீட்டைத் தொடாதீர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: உங்கள் சீட்டின் பின்பகுதியை அகலமாக்கும்போது பின்னால் இருப்பவரின் முழங்கால் எங்கே போகும் என்பதையும், அவர் பிடிக்கும் பட்டை உறைக்கு அடியில் மறைந்துவிடாமல் இருப்பதையும் பாருங்கள். தைக்கக் கொடுக்கும் நாளில் அவரையும் கூட்டிப் போய் ஏற்றி உட்காரவைத்துவிடுங்கள், பத்து நிமிட வேலை.